எதையும் ஒக்கும் சார்பு தன்னை ஒக்குமா?



தமிழ் நெடுங்கணக்கிலே உயிரெழுத்து 12, மெய்யெழுத்து 18. இம்முப்பது எழுத்துக்களும் கூடியும் மாறியும் நின்றே, சங்கச் சான்றோர் பாட்டு முதலாக இன்று காலையில் அச்சான செய்தித்தாள் ஈறாக, தமிழில் எழுந்த அனைத்தும் எழுந்தன. எழுத்துக்கள் சில; அவற்றால் ஆகும் நூல்களோ எண்ணில. ஆயினும் எழுத்துக்கள் தாமாகக் கூடி நூலாவதில்லை. அவற்றைத் தெரிந்தெடுத்து நிரைப்படுத்தும் ஆசிரியன் ஒருவன் வேண்டும்.

எண்களுக்கும் எழுத்துக்கள் உள. 2, 3, 5, 7, 11, 13 என்று இவ்வாறு செல்லும் எண்கள், தம்மாலும் ஒன்றாலுமன்றி வேறெந்த எண்ணாலும் மீதியின்றி வகுபடுவதில்லை. இவற்றை முதன்மை எண்கள் என்பர். பகா எண்கள் என்றலும் உண்டு. 60 என்னும் எண்ணை இயன்றவரை பிரித்தால் 2, 2, 3, 5 என்னும் காரணிகள் கிடைக்கும். எவர் பிரித்தாலும், எந்த வழியாற் பிரித்தாலும், இவையே கிடைக்கும்; வேறு கிடையா. சொல்லுக்கு எழுத்து எத்தகையதோ, எண்ணுக்கு முதன்மை எண் அத்தகையது.

இம்முதன்மை எண்களைக் கொண்டு, ஒரேயொரு விதிப்படி, ஆசிரியனுடைய தெரிவு சிறிதுமின்றி ஆக்கப்பட்ட பொருள் ஒன்று கணிதத்தில் உண்டு. அதன் பெயர் சீற்றாச் சார்பு. ஒழுங்கான எவ்வடிவத்தை ஒருவர் ஆக்கிக் கொடுத்தாலும், ஒரு நிபந்தனைக்கு மட்டும் அது அமையுமாயின், அவ்வடிவத்தின் நகல் அச்சார்பினுள் எங்கோ ஓரிடத்தில், வேண்டிய அளவு நுட்பமாக, முன்னரே அமைந்திருக்கின்றது என்று 1975 ஆம் ஆண்டில் சேர்கே வொரோனின் என்னும் ருஷ்யக் கணிதவறிஞர் நிறுவினார். இஃது எவ்வாறு கூடும் என்பதும், அந்த ஒரு நிபந்தனையின் பின்னே மறைந்திருக்கும் வினா யாது என்பதுமே இப்பேச்சின் பொருளாகும். கரும்பலகையும் சுண்ணக்கட்டியும் இன்றிச் செவியால் மட்டும் கேட்போர்க்கு உரியதாகையால், குறியீடுகளை விடுத்துக் கருத்தை மட்டுமே இங்கு தொடர்தல் நன்று.

கதை ஒரு கூட்டற் கணக்கிலே தொடங்குகின்றது. ஒன்றோடு நாலிலொன்றைக் கூட்டுக; அதனோடு ஒன்பதிலொன்றைக் கூட்டுக; பின்னர் பதினாறிலொன்று, இருபத்தைந்திலொன்று என எண்களின் வர்க்கங்களைக் கீழே வைத்து முடிவின்றிக் கூட்டிக்கொண்டே போனால், தொகை யாதாகும்? இத்தாலியரான மெங்கோலி என்பார் 1650 ஆம் ஆண்டளவில் எழுப்பிய இவ்வினா, சுவிற்சர்லாந்தின் பாசல் நகரத்துப் பேர்ணூலி குடும்பத்தாரையும் திகைக்க வைத்தது. அதனாற் பாசற் சிக்கல் என்று அது பெயர் பெற்றது. அந்நகரிலே பிறந்து, சென் பீற்றர்ஸ்பேர்க் நகரின் விஞ்ஞானக் கழகத்திற் பணியாற்றிய ஒயிலர் என்பார் 1735 இல் விடை கண்டார். வட்டத்தின் சுற்றளவை விட்டத்தால் வகுத்துப் பெறும் பை என்னும் எண்ணை வர்க்கித்து, ஆறால் வகுத்தால் வருவதே அத்தொகை. ஏறக்குறைய 1.645 ஆகும் அது. எண்களை வரிசையாகக் கூட்டிய கணக்கினுள்ளே வட்டம் வந்து புகுந்தமை அக்காலத்தாருக்குப் பெருவியப்பாயிற்று.

வர்க்கத்தை விடுத்து மூன்றாம் அடுக்கையோ நாலாம் அடுக்கையோ கீழே வைத்தும் கூட்டலாம். அடுக்கு ஒன்றிலும் பெரிதாயிருந்தாற் போதும். தொகை ஓர் எல்லைக்குள் அடங்கும். அடுக்கு இன்னதென்று கொடுத்தால் தொகை இன்னதென்று தரும் இவ்விதியே சீற்றாச் சார்பு. 1737 இல் ஒயிலர் இதுபற்றிய அடிப்படை உண்மை ஒன்றைக் கண்டார். எல்லா எண்களையும் கொண்டு கூட்டிய இத்தொகையை, முதன்மை எண் ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணி வீதம் அமைத்துப் பெருக்கியும் பெறலாம் என்பதே அது. கூட்டலின் பக்கத்தில் எண்கள் அனைத்தும் நிற்கின்றன. பெருக்கலின் பக்கத்தில் முதன்மை எண்கள் மட்டும் நிற்கின்றன. இரண்டும் சமன். ஒவ்வோர் எண்ணும் ஒரே வகையால் மட்டும் முதன்மை எண்களாகப் பிரியும் என்னும் பழைய உண்மையே இச்சமன்பாட்டின் உயிர்.

ஒயிலர் கண்டதை விரிந்த வெளிக்குக் கொண்டு சென்றவர் ஜேர்மனியரான பேர்ண்ஹார்ட் றீமான். அவர் 1859 இல் பேர்லின் விஞ்ஞானக் கழகத்துக்கு மிகச் சிறியதொரு கட்டுரையைக் கொடுத்தார். அதில் அடுக்கின் இடத்திலே சாதாரண எண்களையன்றிச் சிக்கலெண்களை வைத்தார். சிக்கலெண் என்பது பெயருக்கேற்ற சிக்கலுடையதன்று. நாட்டுப்படத்தில் ஓர் ஊரின் இடத்தைக் கூறக் கிழக்கு மேற்காக ஓரளவும், வடக்கு தெற்காக ஓரளவும் வேண்டியிருத்தல் போல, இரண்டு அளவுகளால் இடங்குறிக்கப்படும் எண்ணே சிக்கலெண். ஆகவே சீற்றாச் சார்பு என்பது, ஒரு படத்திலே ஒரு புள்ளியைத் தொட்டுக் காட்டினால், இன்னொரு படத்திலே அதற்குரிய புள்ளியைக் காட்டும் கருவி போன்றதாயிற்று.

ஒன்று என்னும் புள்ளியினூடாக வடக்கும் தெற்குமாக ஒரு கோடு செல்வதாகக் கொள்க. அக்கோட்டுக்குக் கிழக்கே மட்டுமே ஒயிலரின் கூட்டலும் பெருக்கலும் நேராகச் செல்லும். ஆயினும், ஒன்று என்னும் அப்புள்ளி ஒன்றை விடுத்தால், படம் முழுவதற்கும் சார்பினை ஒரேயொரு வகையால் இயல்பாக விரித்தல் கூடும் என்று றீமான் காட்டினார். அவ்வாறு விரித்தபின், சார்பின் பெறுமானம் எவ்விடங்களிற் பூச்சியமாகின்றது என்னும் வினா எழுந்தது. மேற்கே இரட்டை எதிரெண்களில் அது பூச்சியமாதல் எளிதிற் புலப்படும். ஏனைய பூச்சியங்கள் யாவும், பூச்சியத்துக்கும் ஒன்றுக்கும் இடையே வடக்குத் தெற்காகச் செல்லும் பட்டையினுள்ளே கிடக்கின்றன. அப்பட்டையின் சரிநடுவே, அரை என்னும் புள்ளியினூடாகச் செல்லும் கோட்டை அரைக்கோடு என்று இங்கு வழங்குவோம். பட்டையினுள்ளே கிடக்கும் பூச்சியங்கள் அனைத்தும் அவ்வரைக்கோட்டின் மீதே உள்ளன என்று றீமான் கருதினார். அதனை நிறுவ முயன்று இயலாமையால் ஒருபுறம் வைத்தார். 1866 இல், காச நோய்வாய்ப்பட்டு, இத்தாலியில் ஓர் ஏரிக்கரை ஊரிலே காலமானபோது அவருக்கு வயது 39.

றீமான் கருதுகோள் எனப்படும் அக்கூற்று இன்றளவும் நிறுவப்படவுமில்லை, மறுக்கப்படவுமில்லை. 1900 இல் பாரிஸ் மாநாட்டிலே ஹில்பேர்ட் கூறிய சிக்கல்களுள் எட்டாவதாக அது இடம்பெற்றது. இராமானுசனைக் கேம்பிரிட்சுக்கு அழைப்பித்த ஹார்டி, இராமானுசன் அங்கு சென்றடைந்த 1914 ஆம் ஆண்டிலேயே, அரைக்கோட்டின் மீது எண்ணிறந்த பூச்சியங்கள் உள என்று நிறுவினார். எனினும் எண்ணிறந்தன உள என்பது வேறு. அனைத்தும் உள என்பது வேறு. 2000 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கிளே கணித நிறுவகம் இக்கருதுகோளின் தீர்வுக்குப் பத்து இலட்சம் டொலர் பரிசு அறிவித்தது. முதன்மை எண்கள் எண்வரிசையிலே எவ்வளவு ஒழுங்காகப் பரந்திருக்கின்றன என்பதை இப்பூச்சியங்களே ஆள்கின்றன. ஆதலால் இக்கருதுகோளைச் சார்ந்து நிற்கும் முடிவுகளும் மிகப் பல.

இனி, கேட்போர் தம் கவனத்தை அரைக்கோட்டுக்குக் கிழக்கே, ஒன்றின் கோட்டுக்கு மேற்கே கிடக்கும் ஒடுங்கிய நிலத்தின் மேல் வைப்பாராக. இப்பேச்சின் எஞ்சிய பகுதி முழுதும் நிகழும் களம் அதுவே.

இக்களத்தை முதன்முதல் நன்கு உழுதவர் டென்மார்க் நாட்டு ஹரால்ட் போர் என்பவர். அணுவின் அமைப்பை ஆராய்ந்த நீல்ஸ் போருக்கு இவர் இளைய சகோதரர். 1908 இல் இலண்டனில் நடந்த ஒலிம்பிக் விளையாட்டிலே வெள்ளிப் பதக்கம் பெற்ற டென்மார்க் உதைபந்தாட்டக் குழுவில் இவரும் ஒருவர். 1910 இல் கலாநிதிப் பட்டத்துக்குரிய ஆய்வை முடித்தபின் இவர் கைக்கொண்ட வினா எளியது. இவ்வொடுங்கிய நிலத்திலே ஒரு நேர்கோட்டைப் பற்றிக்கொண்டு வடக்கு நோக்கி நடந்தால், சீற்றாச் சார்பு எவ்வெப் பெறுமானங்களைக் காட்டிச் செல்லும்?

விடையை விளங்கிக்கொள்ள, முதன்மை எண் ஒவ்வொன்றுக்கும் ஒரு மணிக்கூடு இருப்பதாக எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு மணிக்கூட்டுக்கும் ஒரே முள். அம்முள் சீராகச் சுழலும். வடக்கே செல்லும் தூரமே இங்கு காலமாக அமைகின்றது. எந்த முள் எவ்வளவு விரைவாகச் சுழலும் என்பதை அந்த முதன்மை எண்ணின் மடக்கை தீர்மானிக்கும். 2 என்னும் எண்ணின் முள் ஒருமுறை சுற்ற ஏறக்குறைய 9.06 அலகு தூரம் வேண்டும். 3 என்னும் எண்ணின் முள்ளுக்கு 5.72 அலகு போதும். 5 என்னும் எண்ணின் முள்ளுக்கு 3.90 அலகு போதும். பெரிய முதன்மை எண்ணின் முள் விரைவாகச் சுழலும். ஆனால் நீளத்தாற் குறுகியது. முக்கால் என்னும் புள்ளியினூடாகச் செல்லும் கோட்டிலே நடப்போமாயின், 2 இன் முள்ளுக்கு நீளம் 0.59 அளவு, 3 இன் முள்ளுக்கு 0.44 அளவு, 101 இன் முள்ளுக்கு 0.03 அளவே. அவ்வவ்விடத்தில் இம்முட்கள் யாவும் நிற்கும் நிலைகளைச் சேர்த்து நோக்கினால், மிகப் பெரும்பாலான இடங்களிலே சீற்றாச் சார்பின் பெறுமானம் ஏறத்தாழத் தெரிந்துவிடும்.

இம்முட்கள் ஒன்றோடொன்று உடன்படிக்கை செய்துகொள்வனவா? அல்ல. இரண்டைத் தன்னாலேயே எத்தனை முறை பெருக்கினாலும், மூன்றைத் தன்னாலேயே பெருக்கிய எந்த எண்ணும் வராது. ஒன்று இரட்டை, மற்றது ஒற்றை. முதன்மை எண்கள் எல்லாவற்றுக்கும் பொதுவாக இஃது உண்மை. ஒரே வகையாற் பிரியும் என்னும் அப்பழைய விதியே இங்கு மீண்டும் வந்து, முட்களின் வேகங்கள் தமக்குள்ளே எத்தொடர்பும் அற்றன என்று கூறுகின்றது. அத்தகைய மணிக்கூடுகள் எத்தனையை வைத்தாலும், அவற்றின் முட்கள் எந்நிலைகளில் நிற்க வேண்டும் என்று நாம் விதித்தாலும், என்றோ ஒரு வேளையில் அவை யாவும் ஒருங்கே அந்நிலைகளுக்கு மிக அணித்தாக வந்து நிற்கும். குரோனெக்கர் என்பார் 1884 இல் வெளியிட்ட தேற்றத்தின் பயன் இது.

இதனைத் துணையாகக் கொண்டு, 1914 இல் ஹரால்ட் போரும் ரிச்சட் கூராண்ட் என்பாரும் பின்வரும் முடிபை வெளியிட்டனர். அவ்வொடுங்கிய நிலத்தில் எந்த நேர்கோட்டைப் பற்றிக்கொண்டு நடந்தாலும், சீற்றாச் சார்பு படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும், எவ்வளவு நெருக்கம் வேண்டுமோ அவ்வளவு நெருக்கமாக, வந்தே தீரும். எட்டாத மூலை என ஒன்றும் இல்லை.

களம் ஏன் அரைக்கும் ஒன்றுக்கும் இடையிலேயே அமைகின்றது என்று கேட்கலாம். அங்கே முட்களின் நீளங்களைக் கூட்டினால் தொகை எல்லையின்றிப் பெருகும். ஆகவே எவ்வளவு தொலைவிலுள்ள புள்ளியையும் அவை எட்டவல்லன. ஆனால் நீளங்களின் வர்க்கங்களைக் கூட்டினால் தொகை அடங்கிவிடும். ஆகவே மிகப் பெரிய முதன்மை எண்களின் கூட்டம் செய்யும் குழப்பம் சராசரியில் அற்பமாகிவிடும். எட்டும் ஆற்றலும் அடங்கும் பண்பும் ஒருங்கே வாய்த்த இடம் இவ்வொடுங்கிய நிலமே.

ஒரு புள்ளியை எட்டுதல் ஒன்று. ஒரு வடிவத்தை முழுமையாக ஒத்தல் மற்றொன்று. வில்லாளன் குறியை எய்தலுக்கும், ஓவியன் முகத்தைத் தீட்டலுக்கும் உள்ள வேறுபாடு அது. முன்னையதிலிருந்து பின்னையதற்குச் சென்றவரே வொரோனின். 1946 இற் பிறந்த அவர், 1972 இல் முதற்படியைக் கடந்தார். சார்பின் பெறுமானத்தை மட்டுமன்றி, அது மாறும் வீதம், அவ்வீதம் மாறும் வீதம் என எத்தனை அளவுகளை ஒருங்கே விதித்தாலும், அவை அனைத்துக்கும் ஒரே இடத்தில் சார்பு நெருங்கி வரும் என்று அவர் நிறுவினார். அதிலிருந்து மூன்று ஆண்டுகளில், முப்பது வயது நிரம்புமுன்னரே, முழுத் தேற்றத்தையும் அடைந்தார்.

தேற்றம் கூறுவது இது. முக்கால் என்னும் புள்ளியை மையமாகவும், காலிலும் சிறியதோர் அளவை ஆரையாகவும் கொண்டு ஒரு வட்டத் தட்டு வரைக. அத்தட்டின் மேல், சிக்கலெண் முறைப்படி வகையிடத்தக்கதும் எங்கும் பூச்சியமாகாததுமான சார்பு எதனையேனும் விரும்பியவாறு அமைக்க. பின்னர் எவ்வளவு சிறிய பிழையை மட்டும் பொறுப்பதென்று கூறுக. அத்தட்டை வடக்கு நோக்கி நேரே உயர்த்திக்கொண்டு சென்றால், ஏதோ ஓர் உயரத்திலே, தட்டு முழுவதன் மேலும், சீற்றாச் சார்பு அமைத்த சார்பினை அப்பிழைக்குள் ஒத்து நிற்கும். ஒருமுறை மட்டுமன்று, அத்தகைய உயரங்கள் எண்ணிறந்தன. மொத்த உயரத்தில் அவை பெறும் பங்கும் பூச்சியமாகத் தேய்ந்துவிடுவதில்லை.

எடுத்துக்காட்டாக, தட்டின் மேல் எங்கும் ஆயிரம் என்னும் பெறுமானத்திலிருந்து சிறிதும் அசையாத சார்பினை விதிக்கலாம். எங்கோ ஓர் உயரத்தில் சீற்றாச் சார்பு, அசைவற்ற குளத்து நீர் போல, ஆயிரத்தை ஒட்டியே நிற்கும். வளர்ச்சியைக் குறிக்கும் அடுக்குக்குறிச் சார்பினை விதிக்கலாம். வேறோர் உயரத்தில் அதனையும் ஒக்கும். இத்தகைய சர்வ ஒப்பு ஆற்றலுடைய சார்பு ஒன்று உண்டு என்பதை 1929 இலேயே பேர்க்கோவ் என்னும் அமெரிக்கர் காட்டியிருந்தார். ஆனால் அவர் காட்டிய சார்பு அந்நோக்கத்துக்கென்றே துண்டு துண்டாக இணைத்து ஆக்கப்பட்டது. எந்நோக்கமும் இன்றி, எண்களின் இயல்பிலிருந்து தானே பிறந்த சார்பு ஒன்று இவ்வாற்றலை உடையதாயிருந்தமை கண்டறியப்பட்டது 1975 இலேதான்.

நிறுவலின் உள்ளுறையும் சுவை மிக்கது. ஒன்றிலிருந்து அரையைக் கழித்து, மூன்றிலொன்றைக் கூட்டி, நாலிலொன்றைக் கழித்து, இவ்வாறே கூட்டலும் கழித்தலும் மாறிமாறிச் செல்லும் தொடர் ஒன்றை எடுத்துக்கொள்க. அதன் உறுப்புக்களின் வரிசையை மாற்றி அடுக்கினால், வேண்டிய எந்தத் தொகையையும் வருவிக்கலாம். இவ்வியப்பான உண்மையை 1854 இல் எழுதிய ஆய்வொன்றிலே கூறியவர் வேறெவருமல்லர், அதே றீமானே. எண்களுக்கு அவர் கூறியதைச் சார்புகளின் வெளிக்கு விரித்த பெச்சேர்ஸ்கி என்பாரின் தேற்றம் ஒன்றை வொரோனின் எடுத்தாண்டார். விதித்த வடிவம் வருவதற்கு முட்கள் எந்நிலைகளில் நிற்க வேண்டும் என்பதை அத்தேற்றம் கூறியது. அந்நிலைகளில் அவை நிற்கும் உயரம் ஒன்று உண்டு என்பதைக் குரோனெக்கரின் வழி கூறியது. எஞ்சிய முட்களின் குழப்பம் சராசரியில் அற்பம் என்பதை வர்க்கங்களின் அடக்கம் கூறியது. றீமானின் இளமைக்கால ஆய்வொன்றின் கருத்து, நூறாண்டு கழிந்தபின், றீமானின் சார்பிலேயே வந்து பொருந்தியது.

இனி, அந்த ஒரு நிபந்தனைக்கு வருவோம். விதிக்கும் சார்பு தட்டின் மேல் எங்கும் பூச்சியமாகலாகாது என்று வொரோனின் கூறினார். இது நிறுவலின் வசதிக்காக இட்ட வேலியா, அன்றிப் பொருளின் இயல்பிலேயே உள்ள எல்லையா?

ஓரிடத்தில் மட்டும் பூச்சியமாகும் சார்பு ஒன்றை விதித்ததாகக் கொள்க. அதனை மிக நெருங்கி ஒக்கும் சார்பும் அவ்விடத்துக்கு அருகிலே பூச்சியமாகியே தீரும். சிக்கலெண் சார்புகளின் இயல்பு அது. ஆகவே சீற்றாச் சார்பு அதனை ஒக்குமாயின், அரைக்கோட்டுக்குக் கிழக்கே சீற்றாவுக்குப் பூச்சியம் உண்டாகும். றீமான் கருதுகோள் பொய்யாகும். மேலும், அத்தகைய ஒப்பு உயரத்தின் நிலையான பங்கொன்றிலே நிகழுமாயின், அப்பூச்சியங்கள் உயரத்தின் அளவுக்கு ஏற்பப் பெருகிச் செல்லும். ஆனால் அவ்வாறு பெருகா என்பது முன்னரே தெரிந்த செய்தி. அரைக்கோட்டிலிருந்து கிழக்கே சிறிது விலகிய இடத்திலே பூச்சியங்கள் உளவாயினும், அவை உயரத்தை நோக்க மிக அரியனவாகவே இருத்தல் வேண்டும் என்று 1914 இல் ஹரால்ட் போரும் லண்டாவும் நிறுவினர். 1920 இல் சுவீடன் நாட்டுக் கார்ல்சன் அதனை மேலும் நுணுக்கினார். ஆகவே வொரோனினின் நிபந்தனை வசதிக்கு இட்ட வேலியன்று, உண்மையான எல்லையே.

இவ்விடத்திலே ஒரு வினா தானே எழுகின்றது. எத்தனையோ சார்புகளை ஒக்கவல்ல சீற்றாச் சார்பு, தன்னைத் தானே ஒக்கவல்லதா? அஃதாவது, தட்டின் மேல் விதிக்கும் சார்பாகச் சீற்றாவையே வைத்தால், மேலே வேறோர் உயரத்தில் அது தன் பழைய வடிவத்தை மீளக் காட்டுமா?

இவ்வினாவுக்கு விடை கண்டவர் பாஸ்கர் பாக்சி. கல்கத்தாவிலுள்ள இந்தியப் புள்ளியியல் நிறுவகத்தில், 1981 இல் கலாநிதிப் பட்டத்துக்காக எழுதிய ஆய்வேட்டிலே அவர் இதனை ஆராய்ந்தார். சீற்றாவின் உறவினவாகிய சில சார்புகளுக்கு இத்தகைய தொடர்பு உண்டென்று ஹரால்ட் போர் 1922 இலேயே குறித்திருந்தார். சீற்றாவுக்கே அதனை நிறுவும் வழி வொரோனினின் தேற்றத்தால் திறந்தது. பாக்சியின் முடிபு இது: அவ்வொடுங்கிய நிலத்திலே சீற்றாச் சார்பு தன்னைத் தானே, எவ்வளவு நுட்பமாகவும், உயரத்தின் நிலையான பங்கொன்றில் மீண்டும் மீண்டும் ஒக்குமாயின், றீமான் கருதுகோள் மெய். றீமான் கருதுகோள் மெய்யாயின், அது தன்னைத் தானே அவ்வாறு ஒக்கும். இரண்டும் ஒரே கூற்றின் இரண்டு முகங்கள்.

காரணத்தை மேலே கூறியவற்றிலிருந்தே கண்டுகொள்ளலாம். கருதுகோள் மெய்யாயின், அக்களத்திலே சீற்றாவுக்குப் பூச்சியமே இல்லை. ஆகவே அதுவும் வொரோனினின் நிபந்தனைக்கு அமைந்ததொரு சார்பாகின்றது. மற்றவற்றை ஒத்தவாறே தன்னையும் ஒக்கும். கருதுகோள் பொய்யாயின், அக்களத்தில் எங்கோ ஒரு பூச்சியம் உண்டு. அதனைச் சூழ்ந்த பகுதியை மீண்டும் மீண்டும் நகலெடுத்தால் அப்பூச்சியமும் நகலாகிப் பெருகும். அத்தகைய பெருக்கத்துக்கு இடமில்லை என்பது முன்னரே நிறுவப்பட்டது. ஆகவே அங்கே தன்னை ஒத்தல் இயலாது. அரைக்கோட்டுக்கு வெளியே பிழைத்துக் கிடக்கும் ஒரு பூச்சியம் இருக்குமாயின், பிற சார்புகளை ஒக்கும் ஆற்றல் சிறிதும் குறையாது நிற்க, தன்னை ஒக்கும் ஆற்றலை மட்டும் சீற்றாச் சார்பு இழந்துவிடும்.

பாக்சிக்குப் பின்னர் இத்துறை பல நாடுகளிற் பரந்தது. லித்துவேனியாவின் வில்னியஸ் நகரிலே லாவுரின்சிக்காசும் அவர் மாணவரும், ஜப்பானிலே மற்சுமோட்டோ முதலியோரும் நிகழ்தகவின் முறைகளைக் கொண்டு இதனை வளர்த்தனர். சீற்றாவின் உறவினவாகிய சார்புகள் பலவற்றுக்கும் இவ்வாற்றல் உண்டு என்றும், அவற்றுட் பலவற்றை ஒரே உயரத்திலே வெவ்வேறு வடிவங்களை ஒருங்கே ஒக்கச் செய்யலாம் என்றும் காட்டப்பட்டது.

ஆயினும் தேற்றத்தின் ஒரு குறையையும் மறைத்தலாகாது. விதித்த வடிவம் எங்கோ ஓர் உயரத்தில் உண்டு என்று அது உறுதி கூறுகின்றதே அல்லாமல், எந்த உயரத்தில் என்று சுட்டிக் காட்டுவதில்லை. அவ்வுயரத்துக்கு மேல்வரம்பு காண முயன்றோர் பெற்ற எண்களோ மிக மிகப் பெரியன. முட்கள் சிலவாயின் அவை விதித்தவாறு கூடிநிற்க நெடுங்காலம் செல்லாது. பலவாயின், அவை அவ்வாறு கூடும் வேளை எண்ணத்துக்கும் எட்டாத தொலைவிற் கிடக்கும்.

இதிலிருந்து ஓர் எச்சரிக்கையும் பிறக்கின்றது. 2021 இல் வெளியான ஆய்வொன்றில், பிளாட், திரட்ஜியன் என்னும் இருவர் கணினியின் துணையால், மூன்று இலட்சம் கோடி என்னும் உயரம் வரை உள்ள பூச்சியங்கள் யாவும் அரைக்கோட்டின் மீதே உள்ளன என்று சரிபார்த்துக் காட்டினர். பெருஞ்சாதனைதான், எனினும் நிறுவல் ஆகாது. முதன்மை எண்களின் தொகையைக் கணக்கிட வழங்கும் மடக்கைத் தொகையீடு என்னும் மதிப்பீடு, அட்டவணைகளில் உள்ள எவ்விடத்திலும் உண்மைத் தொகையிலும் சற்று மிகுந்தே காணப்பட்டது. என்றும் அவ்வாறே இருக்கும் என்று பலர் நம்பினர். 1914 இல் இங்கிலாந்தின் லிற்றில்வுட் அந்நம்பிக்கை பிழை என்று நிறுவினார்; மதிப்பீடு குறைந்துபோகும் இடங்களும் முடிவின்றி உள. அவற்றுள் ஒன்றையேனும் நேரே எண்ணிக் கண்டவர் இன்றுவரை இல்லை. எண்களின் உலகிலே அருகிலுள்ள நிலத்தைப் பார்த்துத் தொலைவிலுள்ள நிலத்தைத் துணிதல் தகாது.

வொரோனின் 1997 இல், 51 ஆம் வயதிலே காலமானார். அவருடைய தேற்றம் றீமான் கருதுகோளைத் தீர்த்துவைக்கவில்லை. ஆனால் அக்கருதுகோள் எதைப் பற்றியது என்பதை விளங்கிக்கொள்ளப் புதியதொரு வழியை அளித்தது. பூச்சியங்கள் ஒரு கோட்டில் நிற்கின்றனவா என்று மட்டும் கேட்டு வந்தோர்க்கு, முதன்மை எண்களின் மணிக்கூடுகள் தாம் முன்னொருகால் காட்டிய முகத்தை மீண்டும் மீண்டும் காட்டுமா என்று கேட்கவும் கற்பித்தது.

முப்பது எழுத்துக்களால் நூல் செய்வதற்கு ஆசிரியன் வேண்டும் என்று தொடக்கத்திற் கூறப்பட்டது. முதன்மை எண்களோ ஆசிரியன் எவனும் இன்றியே ஆயிரத்தின் அசைவின்மையையும், அடுக்குக்குறியின் வளர்ச்சியையும், இன்னும் எவரும் எண்ணிப் பாராத வடிவங்களையும் தம் போக்கில் எழுதிச் செல்கின்றன. அவ்வெழுத்துக்கள் தம் நூலின் ஒரு பக்கத்தைத் தாமே மீண்டும் எழுதவல்லனவா என்பது மட்டும், 1859 ஆம் ஆண்டின் வினாவோடு ஒன்றாக, இன்னும் விடையின்றி நிற்கின்றது. அதற்கு விடை காண்போர் எந்நாட்டிற் பிறப்பினும், அவரும் ஒருகால் 60 என்னும் எண்ணைச் சிலேற்றில் எழுதி, 2, 2, 3, 5 என்று பிரித்துப் பார்த்த சிறுவராகவோ சிறுமியராகவோ தொடங்கியவரே ஆவர்.